மொச்சை மீது பழி போடாதே

அன்புள்ள தம்பி,

ஆம்பூரில் கிளினிக் போர்டு மாட்டிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். புதுப் படிப்பெல்லாம் உன்னிடம் இருக்கிறது, நான் சொல்லித்தர பெரிதாக ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தப்பை மட்டும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.

முப்பது வருஷம் இருக்கும். டேனரியில் டிரம் ஓட்டுகிறவரின் மகன், எட்டு மாதக் குழந்தை. ஐப்பசியில் காய்ச்சலோடு தூக்கிவந்தார்கள். கண் மஞ்சள், உள்ளங்கை வெளிறிப்போய் சுண்ணாம்பு மாதிரி, துணியில் படிந்திருந்த சிறுநீர் ஃபில்டர் டிகாக்‌ஷன் நிறம். ரத்தம் ஏற்றி, பரிசோதித்து, பிற்பாடு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு என்று உறுதியானது. புத்தகத்தைத் திறந்தேன். ‘பிராட் பீன்ஸ் ஆகாது’ என்று இருந்தது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை ஆயிற்றே என்று, அம்மாவின் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: அவரை, மொச்சை தொடக்கூடாது.

மார்கழியில் அதே குழந்தை, அதே டிகாக்‌ஷன் நிறம். “ரெண்டு மாசமா நான் மொச்சை பக்கமே போகலையே டாக்டர்” என்று அந்த அம்மா அழுதார். நான் குழந்தையின் கம்பளிக் குல்லாவைக் கழற்றினேன். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பனிக்காலம் வந்துவிட்டதென்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த குல்லா, ஸ்வெட்டர், போர்வை. வெயிலில் போடாமல், துவைக்காமல், நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய உடம்பில் அப்படியே மாட்டிவிட்டிருந்தார்கள். எண்ணெய்ப் பசையுள்ள தோல் அந்த உருண்டையிலுள்ள நாப்தலினை இன்னும் சுலபமாக உள்ளே இழுக்கும். நான் தேடிக்கொண்டிருந்த எதிரி பெட்டிக்குள் இருந்தது. நான் காவல் போட்டதோ குழம்புச் சட்டிக்கு.

புத்தகம் சொல்லும் அவரை வேறு செடி, தம்பி. விசியா ஃபாபா. அதிலுள்ள வைசின், கான்வைசின் இரண்டும் குடலில் டிவிசின், ஐசோயூராமில் என்று மாறி சிவப்பணுவைத் தாக்குகின்றன. சார்டினியாவிலும் சைப்ரஸிலும் வசந்த காலத்தில் பச்சைக் காயைப் பறித்து மெல்லுகிற பிள்ளைகளுக்கு வருகிற நோய் இது. நம் பந்தலில் காய்க்கிற அவரைக்கும், தை மாத மொச்சைக்கும் இதில் பங்கில்லை. டபுள் பீன்ஸும் வேறு ஜாதி. காராமணி, கொண்டைக்கடலை, பட்டாணி எல்லாவற்றையும் சேர்த்து நீளமாகப் பட்டியல் போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் கறி வாங்குகிற வீட்டில் பயறையும் நிறுத்திவிட்டு ‘புரதம் கொடுங்கள்’ என்றால் அந்த அம்மா எங்கே போவார்? (பித்தாகரஸ் அவரையை விலக்கிய கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். படித்து ரசி, ஓ.பி.யில் சொல்லாதே.)

நிஜமான ஃபாபா நம் ஜனங்களுக்கு எதிர்ப்படுவது பெரும்பாலும் வளைகுடாவில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் பாதித் தெருவுக்கு துபாயிலோ ரியாத்திலோ ஒரு ஆள் உண்டு. அங்கே காலைச் சாப்பாட்டு ‘ஃபூல்’ இந்தப் பயறுதான். எகிப்துக்காரர் கடையில் வடை மாதிரிப் பொரிக்கிற ஃபலாஃபெலும் இதிலிருந்துதான். பாஸ்போர்ட் எடுக்கிற வயதில் பையனைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடு.

குழந்தையின் அப்பாவுக்கு நோயைப் புரியவைக்க எனக்கு அவர் தொழிலே கைகொடுத்தது. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அனுப்புகிறார்கள் அல்லவா? உப்புக் குறைந்த தோல் நிழலில் கிடக்கும்வரை தாங்கும், வெயில் பட்டால் கெட்டுப்போகும். உங்கள் பையனின் ரத்த அணுவுக்கு உப்புக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்றேன். மனிதர் சட்டென்று பிடித்துக்கொண்டார். சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க அதற்கு இருப்பது இந்த ஒரு நொதியின் வழிதான் என்பதை நீ எனக்கே சொல்லித்தருவாய்.

மருந்துப் பக்கம் வருகிறேன். இந்தக் குறைபாடு பிடிபட்டதே மலேரியா மாத்திரையால்தான். அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளுக்கு பிரைமாகுவின் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது. காரணம் இந்த நொதி என்று 1956ல் கார்சன், ஆல்விங் குழு எழுதியது. உலகத்தில் ஏறக்குறைய 40 கோடிப் பேருக்கு இது இருப்பதற்கு, மலேரியாவிலிருந்து இது தரும் ஓரளவு பாதுகாப்பே காரணம் என்கிறார்கள். உன் ஊர் டேனரிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். வைவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் பிரைமாகுவின் எழுதும் முன் பரிசோதனை செய்.

நம் பக்கத்துக்கென்றே உள்ள மருந்து டாப்சோன். பழைய வட ஆற்காடு தொழுநோய் மிகுந்திருந்த பூமி. 1955ல் கரிகிரியில் ஷீஃப்லின் ஆராய்ச்சி மையம் வந்ததும் அதனால்தான். 1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்து முறையைப் பரிந்துரைத்தபோதும் டாப்சோன் தினம் 100 மில்லிகிராம் என்று நின்றது. எவருடைய ரத்தத்தையும் கொஞ்சம் குறைக்கிற மருந்து அது. இந்தக் குறைபாடு உள்ள சிலருக்கு உயிராபத்து. தாய்ப்பாலிலும் போகும். பால் கொடுக்கிற அம்மா அந்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மாமியார் முன்னால் கேட்காதே, பதில் வராது. எடை பார்க்கிற சாக்கில் தனியே அழைத்துக் கேள்.

மருதாணியையும் கேள். ஈத் நேரத்தில், கல்யாண வீட்டில், குழந்தை கையிலும் காலிலும் அப்பிவிடுவார்கள். அதிலுள்ள லாசோன் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தை உடைத்ததாக அரபு நாடுகளிலிருந்து அறிக்கைகள் உண்டு. இன்னொன்று: சாயமோ கரைப்பானோ பட்டு உதடு நீலம்பாரித்து ஒருவர் வந்தால், ஆக்சிஜன் கொடுத்தும் ஆக்ஸிமீட்டர் 85ஐ விட்டு நகராமல் நின்றால், கை தானாக மெத்திலீன் நீலத்துக்குப் போகும். ஜி6பிடி குறைந்தவருக்கு அந்த மருந்தே விஷம்.

பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தம் உடைந்த வாரத்தில் எடுத்தால் ‘நார்மல்’ என்று வரலாம். நொதி குறைந்த கிழ அணுக்கள் உடைந்து போய், நொதி அதிகமுள்ள இளம் அணுக்கள் மிஞ்சியிருக்கும். ரத்தம் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம், அது தானம் கொடுத்தவரின் கணக்கு. மூன்று மாதம் கழித்து மறுபடி எடு. அதுவரைக்கும் ரத்தப் பூச்சில் தெரியும் ஓரம் கடிபட்ட அணுக்களை நம்பு, ரிப்போர்ட்டை நம்பாதே.

கடைசியாகப் பரம்பரைப் பேச்சு. எக்ஸ் குரோமோசோமில் வருவதால் மகனுக்கு அம்மா வழியாகத்தான் வரும். இதை வராந்தாவில் நின்று சொன்னால் அன்று ராத்திரியே வீட்டில் சண்டை. உட்காரவைத்துச் சொல். பையனின் தாய்மாமனைக் கட்டாயம் அழைத்துவரச் சொல், அவருக்கும் இருக்கலாம். நம் ஊரில் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கம் உண்டல்லவா? மாமனுக்குக் குறைபாடு, கட்டிக்கொண்ட அக்கா மகள் அதைச் சுமப்பவள் என்றால், பெண் குழந்தைக்கும் முழுசாக வரலாம். ‘பெண்தானே, இருக்காது’ என்று தள்ளிவிடாதே.

அந்தப் பையனின் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அப்போ பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு வெக்கலாமா?” என்றார்.

ஆகாத மருந்துகள், பாச்சை உருண்டை, மருதாணி, இவ்வளவும் ஒரு சின்ன அட்டையில் அடங்கும். இங்கிலீஷில் அச்சடித்தால் உனக்கு மட்டும்தான் பயன்படும். தமிழில் போடு. உன் தெருவுக்கு உருதுவும் வேண்டும். எழுத ஆள் கிடைக்காவிட்டால் போன் பண்ணு, என் கம்பவுண்டர் கையெழுத்து அழகாக இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்