ஒன்றும் பதியாத இரண்டு மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இருபது படங்களையும் பார்த்தேன். "பெங்களூர்ப் பசங்க எங்கேயோ போயிட்டாங்க அண்ணா, நான் இன்னும் மாரிக்குப்பம் ரயிலையே எடுத்துக்கிட்டிருக்கேன்" என்று எழுதியிருந்ததையும் படித்தேன்.

ஒப்பிடாதே என்று சொல்லமாட்டேன். அடுத்தவன் படத்தைப் பார்த்து வயிறெரிந்துதான் நானும் தொழில் கற்றேன். எந்த அளவுகோலை வைத்து ஒப்பிடுகிறாய் என்பதுதான் என் கேள்வி.

உன் ஊருக்கு அடியில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. தங்கக் கணக்கில் அந்த ஆழம் நஷ்டம். பாறை தகிக்கும், காற்றை உள்ளே அனுப்பவே காசு கரையும், பாறை வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட் உயிரை வாங்கும். 1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் காஸ்மிக் கதிர்களை அளக்க அதே சுரங்கத்தில் கருவிகளை இறக்கினார்கள். மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் காத்தும் ஒரு துகள்கூடப் பதியவில்லை. அந்த வெறுமையே அவர்களுக்குச் செய்தி. மேலிருக்கும் பாறை மற்ற இரைச்சலையெல்லாம் வடிகட்டிவிடுகிறது. பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோத் துகளைத் தேட ஏற்ற இடம் இதுதான். 1965இல் ஒசாகா, டர்ஹாம் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அவர்கள் கட்டுரையும், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அதையே தேடிய இயற்பியலாளர் ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரையும் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வெளிவந்தன. போட்டிதான். ஆனாலும் அவரவர் சுரங்கத்தில் அவரவர் கருவியோடுதான் காத்துக்கிடந்தார்கள்.

இப்போது உன் படங்களுக்கு வருகிறேன். பத்தொன்பது படங்களில் துருப்பிடித்த சுரங்க ஷாஃப்ட், சயனைட் கழிவு மலை, சிவந்த வானம். வெளியூர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகும் படங்கள். அவனைப் பார்த்து நீ எடுத்தவை.

பதினான்காவது அப்படியில்லை. ரயிலில் உட்கார்ந்தபடி தூங்கும் ஒருவர், டிபன் பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார். 2001இல் சுரங்கத்தை மூடியபின் பிழைப்புக்காக ஊர்க்காரர்கள் பெங்களூருக்கு ஏறும் ரயில் அது. தினமும் அதில் போகிறவன் கண்ணுக்குத்தான் அந்த இரண்டாவது சுற்று தெரியும். நீ குறை என்று நினைக்கும் ரயில்தான் உன் ஆழம்.

நாளையிலிருந்து அதே பெட்டியில் ஏறு. இரண்டு மாதம் கழித்து எழுது. ஒரு படமும் தேறவில்லை என்றால் அதையும் எழுது.

அன்புடன்,
அண்ணன்