மறுபடியும் வெளிநாடு: பிள்ளைகளின் வகுப்பைப் பார்த்துக் கணக்கிடுவோம்



முதன்முறை வெளிநாடு செல்லும்போது நம்மில் பலருக்குக் கையில் ஒரு பெட்டியும் மனத்தில் ஒரு கனவும்தான் இருந்தன. ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைப்பு வரும்போது நிலைமை வேறு. இப்போது வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம்முடைய சம்பளக் கணக்கோடு அவர்களுடைய கல்விக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். எங்கள் குடும்பம் அண்மையில் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. நாங்கள் போட்ட கணக்கு பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலை

நான் பிறந்தது இடுக்கி மாவட்டத்தில் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தேன். என் கணவரின் ஊர் பாலக்காடு மாவட்டம் சிற்றூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஷார்ஜாவில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பினோம். அப்போது நான்காம் வகுப்பில் சேர்ந்த மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மகன் நான்காம் வகுப்பு. கணவருக்குப் பழைய வேலைக்கே மீண்டும் அழைப்பு வந்தது. வீட்டுக் கடனில் பாதி இன்னும் பாக்கி.

எல்லைத் தமிழரின் தனி நிலைமை

நம் எல்லைப் பகுதியின் வரலாற்றை அறியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. பாலக்காடு 1956வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இவையெல்லாம் கேரளத்தில் சேர்ந்தன. இடுக்கி மாவட்டம் 1972இல் உருவானது.

மாநில எல்லை மாறியபோதும் இப்பகுதி மக்களின் வீட்டுமொழி மாறவில்லை. தாய்மொழியில் தொடக்கக்கல்வி பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சிற்றூர் அரசுக் கல்லூரியில் தமிழைப் பட்டப் படிப்பாகவே படிக்கலாம். அதே சமயம் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கி 2017இல் சட்டம் வந்தது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவைதாம்.

ஆக, எங்கள் பகுதிப் பிள்ளை தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று நான்கு மொழிகளைச் சுமக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் சென்றால், ஒன்பதாம் வகுப்புவரை அரபும் படித்தாக வேண்டும். மறுபடியும் திரும்பினால் மறுபடியும் மலையாளம்!

முதற் கணக்கு: வகுப்பு

எந்த வயதில் அழைத்துச் செல்கிறோம் என்பதைவிட எந்த வகுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்பதே முக்கியம். சி.பி.எஸ்.இ. முறையில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே ஈராண்டுப் படிப்பு. பதினொன்றும் பன்னிரண்டும் அவ்வாறே. இடையில் பள்ளி மாறுவது எளிதன்று. வாரியத்தின் அனுமதி வேண்டும். வேறு பாடத்திட்டத்திலிருந்து நேராகப் பத்தாம் வகுப்பில் நுழைவது இன்னும் கடினம். எனவே, ஐந்தாம் வகுப்புக்குள் அழைத்துச் செல்லலாம். ஆறு முதல் எட்டுவரை யோசித்துச் செய்யலாம். ஒன்பதுக்குமேல் அந்தப் பிரிவு முடிந்த பிறகே பெட்டி கட்டவேண்டும் என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி.

இன்னொன்று. கேரளப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜூன் மாதம் தொடங்குகிறது. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலில் தொடங்குகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வருவதற்குள் அங்கே வகுப்புகள் தொடங்கிவிடும்.

இரண்டாம் கணக்கு: மொழி

குழந்தைகள் எந்த மொழியையும் சட்டெனப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். பேச்சைப் பொறுத்தவரை உண்மை. கனடாவின் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ், குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்து ஒரு வேறுபாட்டைக் காட்டினார். விளையாட்டுத் திடலில் பேசும் அளவுக்கு ஒரு புதுமொழி வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும். அம்மொழியிலேயே பாடம் படித்து, சிந்தித்து, விடை எழுத ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். தாய்மொழியில் அடித்தளம் உறுதியாக இருந்தால் அடுத்த மொழிக்கும் அது துணை செய்யும் என்பதும் அவர் கருத்து.

எங்கள் மகளிடம் இதைக் கண்கூடாகக் கண்டோம். திரும்பி வந்த ஒரே ஆண்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மலையாளத்தில் சண்டையே போட்டாள். ஆனால் மலையாளத்தில் ஒரு பக்கக் கட்டுரை தானாக எழுத ஏழாம் வகுப்பு ஆயிற்று. நாம் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் இந்த ஐந்தாண்டு உழைப்பு பாதியில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாம் கணக்கு: உரிமைகள்

பொள்ளாச்சியும் கோவையும் எங்களுக்குப் பக்கம். தமிழ்நாட்டிலேயே சேர்த்துவிடலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். தமிழ் பேசுவதாலேயே தமிழ்நாட்டின் எல்லாச் சலுகைகளும் கிடைத்துவிடா. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பெற, பொதுவாக 6 முதல் 12ஆம் வகுப்புவரை அம்மாநில அரசுப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அந்தச் சலுகை தானாகக் கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. 1950க்குப் பின் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சான்றிதழுக்கு அலைவதை இடுக்கியில் பார்க்கிறோம். பிள்ளை எந்த மாநிலத்தில் எத்தனை ஆண்டு படிக்கிறது என்பது அதன் கல்லூரி வாசலைத் தீர்மானிக்கிறது.

நான்காம் கணக்கு: திரும்பி வர ஓர் இடம்

தோட்டத்து லயம் வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் போய்விடும். என் பெற்றோர் ஓய்வு பெற்றபோது, நாற்பது ஆண்டு வாழ்ந்த இடத்தைக் காலி செய்து எங்களிடம் வந்தார்கள். வளைகுடா விசாவும் அப்படித்தான் என்று அப்பா சொன்னார். வேலை போனால் குடும்பத்தின் குடியிருப்பு உரிமையும் போய்விடும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. பெற்றோர் இருவரும் பிள்ளைகளும் ஒரே விசாவை நம்பி இருப்பதா, ஊரில் ஒரு வேர் இருக்கட்டுமா என்பதையும் அளந்தோம்.

எங்கள் முடிவு

கணக்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளைகள் முன் வைத்தோம். "பத்தாவது இங்கேயே முடிக்கிறேன். ஆனால் தம்பிக்கு அப்பா வேண்டுமே" என்றாள் மகள். அதற்கு எங்களிடம் நல்ல விடை இல்லை. கடனை நினைத்தும், அவள் தேர்வை நினைத்தும், கணவர் மட்டும் இரண்டே ஆண்டுகளுக்குச் செல்வது என்று முடிவு செய்தோம். திரும்பும் மாதத்தை அந்த நோட்டிலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். மகன் ஞாயிறுதோறும் அப்பாவுக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதுகிறான். செல்பேசியில் தினமும் முகம் பார்த்தாலும் கடிதம் கட்டாயம். அப்பாவும் தமிழிலேயே பதில் எழுதவேண்டும். ஒரு தந்தையின் இரண்டு ஆண்டுகளுக்கு இது ஈடாகாது, தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம்.

உங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் குடும்பத்தோடு செல்வதே சரியாக இருக்கலாம். அப்படிச் செல்வோர் நம் சங்கத்தின் வார வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும். 2001இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் பாடங்களும் உண்டு.

குடும்பமாக அமர்ந்து விடை எழுதவேண்டிய கேள்விகள்

1. புறப்படும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பில் இருக்கும்? திரும்பும் நாளில்?
2. அங்குள்ள பள்ளியில் இடமும் பாடத்திட்டமும் உறுதியா? எந்தெந்த மொழிகள்?
3. மாற்றுச் சான்றிதழில் யாருடைய சான்றொப்பம் வேண்டும் என்று இரு பள்ளிகளிலும் கேட்டாயிற்றா?
4. கட்டணமும் வாடகையும் போக, குடும்பத்தோடு சென்றால் எவ்வளவு மிஞ்சும்? தனியாகச் சென்றால் எவ்வளவு?
5. வேலை திடீரெனப் போனால் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும்?
6. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் கருத்துக் கேட்டீர்களா? என்ன சொன்னது?

விடைகளைப் பேசி மட்டும் விடாதீர்கள், எழுதிவையுங்கள். ஆறாம் கேள்வியின் விடையை மட்டும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.