மூளையைக் காக்குமா ஹைட்ரஜன்?

டாக்குரியா ஏரி என்று மக்கள் வழங்கும் ரவீந்திர சரோவரின் கரையில் காலைதோறும் முதியோர் பலர் நடைபயில்வர். லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பத்தினரும் அவர்களுள் உண்டு. கை நடுக்கம் உடையோரும், பக்கவாதத்திலிருந்து மீண்டு கோலூன்றி நடப்போரும் அங்கே வருவர். ‘ஹைட்ரஜன் கலந்த நீர் நரம்புக்கு வலிமை தரும்’ என்னும் விளம்பரத்தை இத்தகையோர் நம்பலாமா?

நம் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும், ஓய்வு நிலையில் உடல் ஏற்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே செலவிடுகிறது. ஆகவே, இரத்தக்குழாய் அடைபட்டால் சில நிமிடங்களிலேயே மூளைச் செல்கள் மடியத் தொடங்கும். அடைப்பு நீங்கி இரத்தம் மீண்டும் பாய்வது இன்றியமையாதது. ஆனால், அவ்வேளையில் ‘ஹைட்ராக்சில்’ போன்ற தனி உறுப்புகள் பெருகிச் செல்களைத் தாக்குகின்றன. காக்க வந்த ஆக்சிஜனே ஊறும் செய்கிறது!

2007ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் ஷிகியோ ஓட்டாவின் குழுவினர், மூளைக்குக் குருதி தடைப்பட்ட எலிகளைச் சிறிதளவு ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்கச் செய்தனர். மூளைச் சேதம் குறைந்தது. ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது. ஆதலால் மூளைக்குள்ளும் எளிதில் புகும். அது தீய ஹைட்ராக்சிலை மட்டும் தணித்து, உடலுக்குப் பயன்படும் பிறவற்றை விட்டுவிடுகிறது என்று அவர்கள் விளக்கினர்.

எலிக்கு உதவியது மனிதருக்கும் உதவுமா? பார்க்கின்சன் நோயாளர் சிலரிடம் 2013இல் ஹைட்ரஜன் நீர் ஓரளவு நலம் காட்டியது. 2018இல் வெளிவந்த பெரிய ஆய்விலோ, அந்நீர் தீங்கற்றது என்பது தெரிந்ததேயன்றி, நோய் தணியவில்லை. இதயம் நின்று மீண்டவர்களுக்கு 2 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த ஆக்சிஜன் அளித்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. 90 நாள்களுக்குப் பின் ஹைட்ரஜன் பெற்றோரில் 85 விழுக்காட்டினரும், பெறாதோரில் 61 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். நம்பிக்கை தரும் செய்தியே. எனினும், 73 பேருடன் ஆய்வு இடையிலேயே நின்றது; மூளை நலத்தில் கண்ட வேறுபாடும் உறுதிப்படவில்லை.

வாயுவைச் சுவாசிப்பதும் புட்டி நீரைப் பருகுவதும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜனே கரையும். மூடியைத் திறந்து வைத்தால் அதுவும் வெளியேறிவிடும். பருப்பும் பயறும் உண்டபின் நம் குடல் நுண்ணுயிர்களே ஹைட்ரஜனை விலையின்றி உண்டாக்குகின்றன! காற்றில் 4 விழுக்காட்டுக்கு மேல் கலந்தால் ஹைட்ரஜன் தீப்பற்றும்; ஆகவே, வீட்டில் சோதித்துப் பார்ப்பது ஆபத்து. முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் எந்த நீரையும் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும்.

சொற்பொருள்: விழுக்காடு – சதவீதம், ஊறு – தீங்கு, குருதி – இரத்தம்.

பயிற்சி
1. ‘காக்க வந்த ஆக்சிஜனே ஊறும் செய்கிறது’ – விளக்குக.
2. 2013, 2018 ஆய்வுகளின் முடிவுகள் எவ்வாறு வேறுபட்டன?
3. விளம்பரத்தை நம்பி மருந்தை நிறுத்த எண்ணும் தாத்தாவுக்கு ஐந்து தொடர்களில் கடிதம் எழுதுக.