வங்குரோத்துக்குப் போகாமல் கடனைத் தீர்க்க: கனடாவில் கன்சியூமர் புரப்போசல்

கடனட்டைகளில் 48,000 டொலர் நிற்கிறது, வட்டி 19.99 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஏறக்குறைய 800 டொலர் வட்டிக்கே போய்விடும். முதல் தொகையில் ஒரு சதமும் குறையாது. இந்த நிலையில் நம்மவர்கள் இன்னொரு அட்டையில் எடுத்து இந்த அட்டையை அடைப்பார்கள். பிறகு மச்சானிடம் கைமாற்று. பிறகு கழிவு எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று சீட்டை எடுப்பார்கள். எல்லாம் கைவிட்ட பிறகுதான் வங்குரோத்தா, வேறு வழியுண்டா என்று விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பு ஒரு வருடம் முந்தியே நடந்திருக்க வேண்டும்.

வேறு வழி உண்டு. கனடாவின் வங்குரோத்துச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் கன்சியூமர் புரப்போசல்தான் அது. கடனில் ஒரு பகுதியை, அதிகபட்சம் 5 வருடத்துக்குள், வட்டியில்லாமல் கட்டி முடிக்கிறேன் என்று கடன் கொடுத்தவர்களோடு செய்துகொள்ளும், சட்டம் கட்டுப்படுத்தும் உடன்பாடு. குடியிருக்கும் வீட்டின் மோர்ட்கேஜ் நீங்கலாக, மொத்தக் கடன் 2,50,000 டொலரைத் தாண்டக்கூடாது. கணவன் மனைவி இருவருக்கும் பெரும்பாலும் ஒரே கடன்களே என்றால் சேர்ந்தும் போடலாம்.

முதல் வேலை பட்டியல். கடனட்டை, லைன் ஒவ் கிரெடிட், பேடே லோன், வருமான வரிப் பாக்கி எல்லாம் இதற்குள் அடங்கும். அக்கா தந்த கைமாற்றையும் எழுத வேண்டும். சொந்தக்காரர் காசை மட்டும் இரகசியமாக அடைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புரப்போசல் போடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கேள்வி கட்டாயம் வரும். மோர்ட்கேஜும் வாகனக் கடனும் இதில் சேராது, வீடும் காரும் வேண்டுமானால் வழமைபோலக் கட்டிக்கொண்டே வரவேண்டும். பிள்ளைப் பராமரிப்புப் பணம், நீதிமன்ற அபராதம், மோசடியால் வந்த கடன், படிப்பை விட்டு 7 வருடம் ஆகாத அரச மாணவர் கடன் ஆகியவையும் இதனால் தீராது.

அடுத்தது ஆள். உரிமம் பெற்ற இன்சொல்வென்சி ட்ரஸ்டி மட்டுமே இதைப் பதிவு செய்யலாம். விளம்பரத்தில் வரும் ‘கடன் ஆலோசகர்’ சிலர் உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு, கடைசியில் அதே ட்ரஸ்டியிடம்தான் அனுப்புகிறார்கள். நேரே போங்கள். முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ட்ரஸ்டியின் சம்பளத்தைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது. அது நீங்கள் கட்டும் தவணைக்குள்ளிருந்தே கழியும்.

எவ்வளவு கட்டுவது என்பதுதான் முழு விடயத்தின் உயிர்நாடி. கடன் கொடுத்தவர் ஒரேயொரு ஒப்பீடுதான் பார்ப்பார்: இந்த ஆள் வங்குரோத்துக்குப் போனால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். வீட்டை விற்று மோர்ட்கேஜ், செலவு, சட்டம் விட்டுவைக்கும் தொகை எல்லாம் கழித்து 30,000 மிஞ்சுமென்றால், 20,000 தருகிறேன் என்பது எடுபடாது. சொத்தில்லாதவருக்குச் சம்பளமே கணக்கு. 48,000 கடனுக்கு மாதம் 320 வீதம் 60 மாதம் என்றால் 19,200 டொலர், அதாவது டொலருக்கு 40 சதம். இது ஓர் உதாரணம் மட்டுமே. உங்கள் தொகை உங்கள் வரவு செலவைப் பொறுத்தது.

அந்த வரவு செலவை உண்மையாக எழுதுங்கள். வாடகை, சாப்பாடு, வாகனக் காப்புறுதி யாருக்கும் நினைவிருக்கும். வின்டர் டயர், ஊருக்கு அனுப்பும் காசு, கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் கொடுக்கும் அன்பளிப்பு ஆகியவற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதாத செலவுதான் இரண்டாம் வருடத்தில் தவணையை உடைக்கும்.

பதிவுக்கு முன் மூன்று காரியம். சம்பளம் விழும் வங்கியிலேயே கடனும் இருந்தால், வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வங்கி அந்தக் காசைக் கடனுக்கு எடுத்துக்கொள்ள இடமுண்டு. விடுபட்ட வருமான வரிப் படிவங்களை நிரப்பி அனுப்புங்கள். உங்களுக்குக் கோ-சைன் வைத்தவரிடம் முகம் பார்த்துச் சொல்லுங்கள். புரப்போசல் உங்களை மட்டுமே காக்கும். மிச்சக் கடனுக்கு வங்கி அவரைத்தான் தேடிப் போகும். அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் அவர் விடயத்தை அறிந்தார் என்ற நிலை வந்தால், கடன் தீர்ந்தாலும் உறவு தீர்ந்துவிடும்.

பதிவானதும் வசூல் அழைப்புகளும் சம்பளப் பிடிப்பும் நிற்கவேண்டும். கடன் கொடுத்தவர்களுக்கு 45 நாள் அவகாசம். கடன் தொகையில் 25 சதவீதத்துக்கு உரியவர்கள் கூட்டம் கேட்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். கூட்டம் நடந்தால் வாக்கு, தொகையின் பெரும்பான்மைப்படி. மறுத்தாலும் நீங்கள் தானாக வங்குரோத்தாகிவிட மாட்டீர்கள். தொகையைத் திருத்திப் பேசலாம்.

ஏற்றபின் தவணையும் இரண்டு ஆலோசனை அமர்வுகளும். கையில் காசு வந்தால் முந்தியே கட்டி முடிக்கலாம். மூன்று மாதத் தவணையளவு நிலுவை விழுந்தால் உடன்பாடு இரத்தாகி, பழைய கடன் திரும்ப உயிர்க்கும். வேலை போனால் முதல் மாதமே ட்ரஸ்டிக்குச் சொல்லித் திருத்தம் கேளுங்கள்.

கடன் தரப்பதிவில் இது ஆர்7 என்று நிற்கும்; கட்டி முடித்து 3 வருடம் அல்லது பதிவிலிருந்து 6 வருடம், எது முந்துகிறதோ அதுவரை என்பது பொதுவான கணக்கு. ஊரிலிருந்து பெற்றோரையோ துணையையோ ஸ்பொன்சர் செய்ய இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: வங்குரோத்திலிருந்து விடுவிக்கப்படாதவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது, புரப்போசல் போட்டவருக்கு அந்தத் தடை இல்லை.

கையெழுத்து வைக்குமுன், வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் இணையப் பட்டியலில் உங்கள் ட்ரஸ்டியின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.