நிறுத்தத் தெரிந்தவரே நடுவர்

குத்துச்சண்டை நடுவராக ஆசைப்படுகிறீர்களா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒலிம்பிக் பாணிப் போட்டியில் நடுவர் புள்ளி போடுவதில்லை. அது ரிங்குக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஐந்து ஜட்ஜுகளின் வேலை. நடுவர் கையில் இருப்பது ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம். அரங்கமே கத்தட்டும், அடிவாங்கியவரே 'என்னால் முடியும்' என்று சொல்லட்டும், அவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான்.

ஸ்டாப், பாக்ஸ், பிரேக் என்று வாய்க் கட்டளைகள் மூன்றே. மற்றதெல்லாம் கண்ணுக்கும் காலுக்கும் உள்ள வேலை. ஒருவர் விழுந்ததும் மற்றவரை நடுநிலை மூலைக்கு அனுப்பிவிட்டு எண்ண வேண்டும். இரைச்சலில் காதில் விழாது என்பதால் விரலாலும் காட்ட வேண்டும். நான்கிலேயே எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ணியே ஆக வேண்டும். அந்தச் சில நொடிகளில்தான் நடுவரின் திறமை தெரியும்: பார்வை நிலைக்கிறதா, முழங்கால் தள்ளாடுகிறதா, கேட்டதற்குப் பதில் வருகிறதா?

1990 மார்ச் 17, லாஸ் வேகாஸில் ஒரு தொழில்முறைப் போட்டி. சாவேஸுடன் மோதிய மெல்ட்ரிக் டெய்லர், மூன்று ஜட்ஜுகளில் இருவர் கணக்கில் முன்னணியில் இருந்தார். கடைசி ரவுண்டில் விழுந்து எழுந்தார். எட்டு எண்ணி முடித்த நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல், நலமா என்று கேட்டார். பதில் இல்லை. மணி அடிக்க 2 நொடி இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தினார். வெற்றி சாவேஸுக்குப் போனது. இன்றுவரை ஸ்டீலைத் திட்டுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அவர் செய்ததே சரி. நடுவர் பார்க்க வேண்டியது வீரரின் முகத்தை, கடிகாரத்தை அல்ல.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1962 நியூயார்க் சாட்சி. 12ஆவது ரவுண்டில் மூலையில் சிக்கிய பென்னி பாரெட்மீது எமில் கிரிஃபித்தின் குத்துகள் மழையாக விழுந்தன. நடுவர் குறுக்கே புகுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பத்து நாள் கழித்து பாரெட் இறந்துபோனார்.

இந்தத் துறைக்கு வர விரும்புபவர்கள் மாவட்டக் குத்துச்சண்டைச் சங்கத்தில் தொடங்கலாம். விதிமுறைத் தேர்வு, செய்முறைத் தேர்வு, உடல்தகுதி எல்லாம் உண்டு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். கையில் வேறொரு வேலை இருக்கட்டும்.

பள்ளி அளவிலான போட்டிகளை அலட்சியப்படுத்தாதீர்கள். தாங்கும் சக்தி எவ்வளவு என்று தங்களுக்கே தெரியாத பிள்ளைகள் மோதும் இடம் அது. நல்ல நடுவர் மிக அவசியமாகத் தேவைப்படுவது அங்கேதான். முதலில் அங்கே போய் நில்லுங்கள்.