பாகற் பந்தலில் ஒரு போத்தற் பொறி

சொந்த ஊரில் தோட்டம் செய்த காலத்தில், எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வரும் என்று எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது பெற்றோர் வழி வந்த அறிவு. இடம்பெயர்ந்து வந்த இடத்திலோ மண்ணும் புதிது, சுற்றியுள்ள பற்றைக் காடும் புதிது. பழைய கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. எனவே பயத்தினால் மருந்தடிக்கிறோம். கடையில் கடன் ஏறுகிறது, பூச்சியோ குறைவதில்லை. புதிய நிலத்தின் போக்கை அறிந்துகொள்ள உதவும் எளிய கருவி ஒன்றை இம்முறை பார்ப்போம்.

பாகல், புடோல், பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றைக் கெடுப்பது பழ ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். காய் கோணி, மஞ்சளாகி, அழுகி விழும். வளர்ந்த புழு மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகி, பின்பு ஈயாக எழும்பும். காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து இலகுவில் எட்டாது. ஆகவே ஈக்கள் பெருகத் தொடங்கும்போதே அறிவதுதான் முக்கியம்.

தேவையானவை

மூடியுள்ள 1 லீற்றர் வெற்றுச் சோடாப் போத்தல், இடித்த கருவாடு 2 மேசைக்கரண்டி, ஒரு கோப்பை தண்ணீர், சில துளி சவர்க்கார நீர், கட்டுவதற்குக் கம்பி. மருந்து இருந்த போத்தலை ஒருபோதும் பாவிக்க வேண்டாம்.

முட்டை முதிர்வதற்குப் பெண் ஈக்குப் புரத உணவு தேவை. அதனாலேயே கருவாட்டு மணம் அதனை இழுக்கிறது. சவர்க்காரம் கலந்த நீரில் விழுந்த ஈ மிதக்காது, அமிழ்ந்துவிடும்.

செய்யும் முறை

போத்தலின் மேற்பாதியில், சுற்றிவர 4 துளைகளைச் சூடாக்கிய கம்பியால் இடுங்கள். துளை ஒரு சுண்டுவிரல் நுழையுமளவு இருந்தால் போதும். கருவாட்டையும் நீரையும் விட்டு மூடி, பந்தலின் நிழலான பக்கத்தில் பிஞ்சுகள் தொங்கும் உயரத்தில் கட்டுங்கள். நாய், பூனை, சிறுபிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. வாரம் ஒருமுறை இரையை மாற்றி, பழையதைக் குழியில் புதையுங்கள்.

எண்ணும் முறை

வாரம் இருமுறை, குறித்த நாட்களில், நீரை வடித்து எண்ணுங்கள். வீட்டு இலையானும் வேறு பூச்சிகளும் விழும். அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பழ ஈ ஏறக்குறைய வீட்டு இலையான் அளவானது. செம்மண்ணிறம், முதுகில் மஞ்சட் கோடுகள், கண்ணாடி போன்ற சிறகில் கபிலநிறப் பட்டை. எண்ணிக்கையையும் திகதியையும், மழை பெய்ததா என்பதையும் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதிவையுங்கள். பொறி வெறுமையாக இருந்தாலும் பிஞ்சுகளைப் பார்ப்பதை விடக்கூடாது. கருவாட்டு மணம் தூரத்து ஈயை அழைக்காது.

எண்ணிக்கை கூடினால்

பொறி ஈக்களை ஒழித்துவிடாது. அது எமக்குக் கண் மட்டுமே. எண்ணிக்கை முன்னையதைவிடக் கூடினால், பூ வாடியதும் பிஞ்சைக் கடதாசி உறையால் மூடி, வாயைக் காம்போடு சேர்த்துக் கட்டுங்கள். கோணிய காய்களையும் விழுந்த காய்களையும் அன்றன்றே பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது தடித்த பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். குப்பைக் குழியில் எறிந்தால் அங்கிருந்தே ஈ புறப்படும். அதற்குப் பின்னும் மருந்து தேவையென்று தோன்றினால், கொப்பியை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.

பழ ஈக்கு வேலி இல்லை. ஒரு வளவில் பொறுக்காமல் விட்ட காய் அடுத்த வளவின் பயிரை அழிக்கும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அருகருகே குடியிருக்கும் நாம், ஐந்தாறு குடும்பங்களாகச் சேர்ந்து, ஒரே நாளில் பொறி கட்டி, ஒரே நாளில் எண்ணினால் இந்த இடத்தின் பூச்சிக் காலம் ஓரிரு போகத்தில் தெளிவாகும். அந்தக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். நாளை இதே நிலத்தில் தோட்டம் செய்யப்போகிறவருக்கும் அது உதவும்.