கணினியால் இயங்கும் மரம் செதுக்கும் இயந்திரம்: நாமே செய்து கொள்ளலாமா?

சொந்த மண்ணை விட்டு எழும்பி வந்த குடும்பத்தில் தச்சுவேலை தெரிந்த ஒருவர் இருந்தால், எந்த ஊரிலும் அக்குடும்பத்திற்கு ஒரு பிடி சோறு உண்டு. கலப்பையும் வண்டிலும் கதவு நிலையும் செய்த கைகள் எமது கைகள். வயல் கைவிட்டுப் போனாலும் உளி பிடிக்கத் தெரிந்த கை எம்முடனேயே வருகிறது.

ஆனால் இன்று பட்டினங்களில் கதவுப் பலகையிற் பூவேலையும், பெயர்ப்பலகையில் எழுத்தும் கணினியால் இயங்கும் இயந்திரத்தாற் செதுக்கப்படுகின்றன. இதனைச் சீ.என்.சீ. றவுட்டர் என்பர். கைவேலைக்கு மூன்று நாள் செல்லும் இடத்தில் இது சில மணி நேரத்தில் முடிக்கிறது. விலைக்கு வாங்க எம்மாற் பெரும்பாலும் இயலாது. செய்து கொள்ள முடியுமா என்பதே இப்பாடத்தின் கேள்வி. முடியும் என்பதே எமது பதில். ஆனால் அளவிற் சிறிதாக, பல குடும்பங்கள் சேர்ந்து, கடன்படாமற் செய்ய வேண்டும்.

1. இயந்திரம் என்ன செய்கிறது?

கையால் பிடித்து வேலை செய்யும் றவுட்டரைப் பலரும் கண்டிருப்பீர்கள். வேகமாகச் சுழலும் வெட்டலகு மரத்தைக் குடைகிறது. அதனை எங்கே நகர்த்துவது என்பதை எமது கை தீர்மானிக்கிறது. சீ.என்.சீ. இயந்திரத்தில் அந்தக் கையின் வேலையை மூன்று மோட்டர்கள் செய்கின்றன. ஒன்று இடம் வலமாகவும், ஒன்று முன் பின்னாகவும், ஒன்று மேல் கீழாகவும் நகர்த்துகிறது. இம்மூன்று திசைகளும் சேர்ந்தால் எந்த வளைவையும் வெட்டலாம்.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஹெலிகொப்டர்ச் சிறகுகளைச் செய்து வந்த ஜோன் பார்சன்ஸ், சிறகின் வளைவை எண்களாகக் கணக்கிட்டு இயந்திரத்திற்குக் கொடுக்கலாம் எனக் கண்டார். அவ்வழியே சென்ற மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தினர் 1952 இல் அத்தகைய இயந்திரத்தை இயக்கிக் காட்டினர். அன்று அது பெருந் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே எட்டியது. 2005 இல் இத்தாலியில் ஆடுயினோ என்ற சிறு மின்பலகை தோன்றியது. 2009 இல் நோர்வேயைச் சேர்ந்த ஒருவர் அப்பலகைக்கென ஜீ.ஆர்.பி.எல். என்ற கட்டளைத் தொகுப்பை எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என வெளியிட்டார். அதன் பின்னரே வீட்டில் இதனைச் செய்வது பலருக்கும் இயலுமாயிற்று.

2. நேர்த்தி எங்கிருந்து வருகிறது?

கணினிதான் நேர்த்தியைத் தருகிறது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. கணினி சொன்ன இடத்திற்குத் தண்டு சுழலும். சட்டகம் வளைந்தால் வெட்டலகு வேறிடத்திற் போய் நிற்கும். ஆகவே இயந்திரத்தின் நேர்த்தி, அதனைக் கட்டும் தச்சரின் நேரிலும் மூலைமட்டத்திலும் உள்ளது. எமக்கு நம்பிக்கை தருவதும் இதுவே. கடினமான பகுதி எமக்குத் தெரிந்த பகுதியே.

கூரைக்கு வளை போடும்போது மரத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்கிறோம். நிமிர்த்திய மரம் குறைவாகவே வளையும் என்பது அனுபவம். கணக்கும் அதையே சொல்கிறது. சட்டத்தின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். நீளம் இரண்டு மடங்கானால் அதே பாரத்திற்கு எட்டு மடங்கு வளையும். இதனாற்றான் முதல் இயந்திரம் சிறிதாக இருக்க வேண்டும் என்கிறோம். 40 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் வெட்டக்கூடிய இயந்திரம் போதும். பெயர்ப்பலகை, கதவுக்கான பூவேலைத் துண்டு, பிள்ளைகளின் எழுத்துப் பலகை, கதிரைக் கால்களுக்கான அச்சு ஆகியவை இதில் அடங்கும்.

3. செய்யும் ஒழுங்கு

(அ) அடித்தளம்: ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டதாக, தடித்த ஒட்டுப்பலகையை இரண்டு பட்டாக ஒட்டிப் பெட்டி போலக் கட்டுங்கள். தனிமரம் மாரிக்கு ஊதிக் கோடைக்குச் சுருங்கும். ஆகவே சட்டகத்திற்கு அது ஏற்றதன்று. ஒட்டுப்பலகையின் விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசுங்கள். வெல்டிங் வசதி உள்ளவர்கள் இரும்புப் பெட்டிக் குழாயிற் செய்வது இன்னும் நன்று.

(ஆ) முறுக்குப் பார்த்தல்: அடித்தளத்தின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தங்கூசி நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். ஒன்றையொன்று அழுத்தினாலும், இடைவெளி விட்டாலும் தளம் முறுகியுள்ளது. மூலைமட்டத்திற்கு, வீட்டு அத்திவாரம் வெட்டும்போது செய்வது போல 30, 40, 50 சென்ரிமீற்றர் அளவுகளைப் பிடித்துப் பாருங்கள்.

(இ) தண்டவாளம்: 16 மில்லிமீற்றர் உருக்குத் தண்டு, அடியில் முழு நீளத்திற்கும் அலுமினியத் தாங்கியுடன் விற்கப்படுகிறது. இரண்டு தண்டவாளங்களில் ஒன்றை நேர்பார்த்து இறுக்குங்கள். மற்றதைத் தளர்வாக வையுங்கள். மேசையை ஒரு முனைக்குத் தள்ளி அங்குள்ள ஆணிகளை இறுக்குங்கள். பின்னர் மறு முனைக்குத் தள்ளி அங்கும் இறுக்குங்கள். மேசை ஒரு விரலாற் தள்ள முழுத் தூரமும் ஒரே சீராக ஓட வேண்டும். இடையிற் பிடித்தால், பிடிக்கும் இடம் தெரியும்வரை மேற்கொண்டு போக வேண்டாம்.

(ஈ) பாலம்: கதவு நிலை போன்ற இரண்டு கால்களும் குறுக்குச் சட்டமும் அடித்தளத்தில் அசையாமல் நிற்கட்டும். மரம் வைக்கும் மேசை அதன் கீழ் முன் பின்னாக ஓடட்டும். பாலமே ஓடும் அமைப்பும் உண்டு. ஆனால் சிறிய இயந்திரத்திற்கு நிற்கும் பாலமே விறைப்பானது. குறுக்குச் சட்டம் பலகையாக இல்லாமல் நாற்புறமும் மூடிய பெட்டியாக இருக்கட்டும். அது முறுகாது.

(உ) மரைத்தண்டும் மோட்டரும்: ஒவ்வொரு திசைக்கும் ஒரு மரைத்தண்டும் ஒரு ஸ்ரெப்பர் மோட்டரும் வேண்டும். இவ்வளவு இயந்திரத்திற்கு நீமா 23 என்ற அளவு மோட்டர் போதுமானது. மின் இணைப்புகளைத் தூசி புகாத பெட்டியில் வையுங்கள். மின்சாரம் ஓடும்போது மோட்டரின் வயரைக் கழற்றக் கூடாது. கழற்றினால் மோட்டரை இயக்கும் மின்பலகை எரிந்துவிடும்.

(ஊ) வெட்டலகை நிமிர்த்தல்: றவுட்டரின் மின்சார வயரைக் கழற்றிவிட்டு, வெட்டலகு பூட்டும் இடத்தில் வளைத்த கம்பி ஒன்றைப் பூட்டிக் கையாற் சுற்றுங்கள். கம்பியின் நுனி நான்கு பக்கமும் மேசையை ஒரே அளவாகத் தொட வேண்டும். தொடாவிட்டால் றவுட்டரின் தாங்கிக்குக் கீழே கடதாசித் துண்டு வைத்துச் சரிப்படுத்துங்கள். கடைசியாக, மேசைமேல் ஒரு பலகையைப் பூட்டி, அதன் முகத்தை இயந்திரத்தைக் கொண்டே மெல்லிதாகச் சீவுங்கள். அதன் பின் மேசை வெட்டலகின் ஓட்டத்திற்குச் சமமாகிவிடும்.

எல்லாவற்றையும் ஆணியும் நட்டும் கொண்டு பூட்டுங்கள். சட்டகத்தின் பெரிய பாகங்களை ஒன்றோடொன்று பசையால் ஒட்ட வேண்டாம். இரவற் காணியில் இருப்பவர்களுக்கு மீண்டும் இடம் மாறும் நாள் வரலாம். அன்று ஒரு மணி நேரத்தில் இயந்திரம் கழன்று வர வேண்டும். எல்லா அளவுகளையும் ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு வீடுகளில் வையுங்கள்.

4. ஒரு சிறு கணக்கு

ஸ்ரெப்பர் மோட்டர் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றுகிறது. மின்பலகை ஒவ்வொரு படியையும் 8 ஆகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 1600 படிகள். எமது மரைத்தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் நகர்த்துவதாயின், 1600 ஐ 8 ஆற் பிரிக்க 200 வரும். அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு 200 படிகள். இந்த எண்ணையே இயந்திரத்திற்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

பின்னர் 300 மில்லிமீற்றர் நகரச் சொல்லி அளந்து பாருங்கள். குறைந்தால் உடனே எண்ணை மாற்ற வேண்டாம். மோட்டரையும் தண்டையும் இணைக்கும் பூட்டாணி தளர்ந்துள்ளதா என முதலிற் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான்.

பணத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் இரும்புக் கடையில் விற்கும் 8 மில்லிமீற்றர் சாதாரண மரைக்கம்பியைப் பூட்டுகின்றனர். அது ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் மட்டுமே நகர்த்தும். மோட்டர் நிமிடத்திற்கு 300 சுற்றுச் சுற்றினால் 375 மில்லிமீற்றர் தூரமே கிடைக்கும். 8 மில்லிமீற்றர் நகர்த்தும் தண்டில் அதே சுற்றுக்கு 2400 மில்லிமீற்றர் கிடைக்கும். இது வெறும் நேரப் பிரச்சினை அன்று. நிமிடத்திற்கு 10,000 தரம் சுழலும் ஒற்றைப் பல் அலகு, ஒவ்வொரு சுற்றிலும் 0.1 மில்லிமீற்றர் மரத்தைக் கடிக்க வேண்டுமானால் நிமிடத்திற்கு 1000 மில்லிமீற்றர் நகர வேண்டும். மெதுவாக நகரும் அலகு மரத்தை வெட்டாமல் உரசும். மரம் கருகும், அலகு மழுங்கும். வெட்டில் விழுவது மாவாக இல்லாமற் சீவலாக இருந்தால் வேகம் சரி என்று கொள்ளலாம். ஆழத்தை ஒரு தரத்திற்கு 2 மில்லிமீற்றருக்கு மேற் கொடுக்க வேண்டாம்.

படத்தை வரையவும், அதனை இயந்திரத்தின் கட்டளையாக மாற்றவும் இலவச மென்பொருள்கள் உள்ளன. இங்க்ஸ்கேப், ஃப்ரீகாட் ஆகியன அவற்றுட் சில. பழைய மடிக்கணினி ஒன்று போதும். இவ்வேலையை உளி பிடிக்காத பிள்ளைகளும் பெண்களும் விரைவிற் பழகிக்கொள்வர். கோலம் போடத் தெரிந்தவருக்குப் புள்ளியும் கோடும் புதியவை அல்ல.

5. கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

தூசி: வன்மரத் தூசி மூக்குப் பகுதியிற் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகளுட் சேர்த்தது. வாய்க்கும் மூக்குக்கும் தகுந்த முகமூடி அணியுங்கள். குழந்தைகள் படுக்கும் இடத்தில் இயந்திரத்தை வைக்க வேண்டாம்.

சன்னம்: போர் நடந்த இடங்களில் நின்ற மரத்திற்குள் குண்டுச் சன்னமும் ஆணியும் புதைந்திருக்கலாம். அலகு அதிற் பட்டால் உடைந்து பறக்கும். மரத்திற் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம் எனச் சந்தேகியுங்கள். வலிய காந்தத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் அருகில் நிற்க வேண்டாம்.

மின்சாரம்: சட்டகத்திற்கு நிலத்தொடுப்பும், வீட்டிற்கு ட்ரிப் சுவிச்சும் இருக்க வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில், எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்தும் சிவப்பு ஆளி ஒன்று வையுங்கள். 2022 இல் நாட்டில் ஒரே நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் நின்றால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஆகவே மேசையின் மூலையில் இரண்டு முளைகளை நட்டு, மரத்தை எப்போதும் அவற்றோடு அணைத்து வையுங்கள். மீண்டும் அதே இடத்தில் தொடங்க அது உதவும்.

உடை: கையுறை, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுடன் சுழலும் அலகுக்கு அருகிற் போகக் கூடாது.

சட்டம்: பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. மரத்தை ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

6. பணம் செலவழிக்குமுன்

இயந்திரம் தானாக வேலை கொண்டு வராது. முதலில் மூன்று மாத காலம், உங்கள் ஊரில் யார் யார் என்ன செதுக்கு வேலைக்குப் பட்டினத்திற்குப் போகின்றனர், எவ்வளவு கொடுக்கின்றனர் என்று கொப்பியிற் குறியுங்கள். அந்தத் தொகையில் மரம், மின்சாரம், அலகு, கூலி ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதைக் கொண்டு இரண்டு ஆண்டுகளில் முதல் மீளுமா எனப் பாருங்கள். மீளாவிட்டால் பொறுத்திருப்பதே புத்தி. காணி திரும்பினால் விதைநெல்லுக்கு என்று வைத்த பணத்தையோ, அடகு வைத்த நகையின் பணத்தையோ இதிற் போட வேண்டாம்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. எல்லா வேலையையும் இயந்திரத்தாற் செய்யாமல், அச்சை மட்டும் அதில் வெட்டுங்கள். ஒட்டுப்பலகையில் வெட்டிய அந்த அச்சை மரத்தில் பூட்டி, உருளை பூட்டிய அலகுள்ள கை றவுட்டரால் ஓரத்தைப் பின்பற்றி வெட்டினால், ஒரே மாதிரியான நூறு கதிரைக் கால்களை நான்கு வீடுகளிற் செய்யலாம். ஒரு இயந்திரம், நான்கு குடும்பத்திற்கு வேலை.

எவருடைய காணியில் இயந்திரம் நிற்கும், பழுதானால் யார் செலவழிப்பது, ஒருவர் ஊர் திரும்பினால் அவருடைய பங்கு என்னாகும் என்பவற்றை முதலிலேயே எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். உறவு முறியாதிருக்க இதுவே நல்ல வழி.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடியிருப்பில் தச்சுவேலை, மின்வேலை, கணினி ஆகியவை தெரிந்தவர்கள் யார் யார்? அவர்கள் ஒன்றுசேர்வதற்குத் தடையாக இருப்பது என்ன?

2. கடந்த மூன்று மாதத்தில் செதுக்கு வேலைக்கென எமது ஊரிலிருந்து வெளியே போன பணம் எவ்வளவு?

3. ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீற்றர் நகர்த்தும் மரைத்தண்டைப் பூட்டினால், ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை படிகள் எனக் கணக்கிடுக. (விடை: 400)

4. கைச்செதுக்கு வேலையால் வாழும் முதிய தச்சர் எமது ஊரில் இருந்தால், இந்த இயந்திரம் அவருடைய வேலையைப் பறிக்காமல், அவருடைய கைவண்ணத்தை வளர்க்கும் விதமாக எவ்வாறு பயன்படுத்தலாம்?